அசனம்: ஒரு பந்திச் சொல்லின் வரலாறு

நெல்லை, தூத்துக்குடிச் சீமையில் தேவாலயத் திருவிழா முடிந்து, ‘அசனத்துக்கு வாங்க’ என்று அழைப்பார்கள். ஊரார் தந்த அரிசியும் காயும் பணமும் சேர்த்துப் பொதுவில் சமைத்து, சபையார் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் விருந்தே அசனம். சொல்லன்பரே, இந்த நாலெழுத்துக்குள் எத்தனை அடுக்குகள்!

அமர்ந்து உண்பதால் ‘ஆசனம்’ குறுகி அசனமாயிற்றோ என்று மயங்க இடமுண்டு. ஆனால் வேர்கள் வேறு; இரண்டும் வடமொழி. இருத்தலைக் குறிக்கும் ‘ஆஸ்’ ஆசனத்தைத் தந்தது. உண்ணுதலைக் குறிக்கும் ‘அச்’ அசனத்தைத் தந்தது. குழந்தைக்கு முதற்சோறு ஊட்டும் அன்னப்பிராசனத்திலும், உண்ணாநோன்பாகிய அனசனத்திலும், அவியை உண்பதால் தீக்கு வந்த உதாசனன் என்னும் பெயரிலும் கேட்பது இந்த ‘அச்’தான். வேங்கை மரத்துக்கும் அசனம் என்று பெயருண்டு. அது ஒலியால் மட்டும் உறவு.

உண், ஊண், உணவு, அயில் என்று தமிழுக்குச் சொந்தச் சொற்கள் நிறைந்திருக்க, அன்றாடச் சோற்றை யாரும் இன்று அசனம் என்பதில்லை. பொது உணவைக் குறித்த சொல் தென்பாண்டிக் கிறித்தவர் நாவில் ஒரே விருந்துக்கு உரியதாய்ச் சுருங்கியது. சுருங்கியபோதே பொருளில் உயர்வும் பெற்றது.

தொடக்கக் கிறித்தவர்களின் உடனுண்ணலுக்குக் கிரேக்கத்தில் ‘அகாப்பே’ என்று பெயர். அன்பு என்பதே அதன் பொருள். விவிலியத்தின் யூதாவின் நிருபத்தில் அது தமிழில் ‘அன்பின் விருந்து’ ஆனது. கிரேக்கம் அன்பிலிருந்து விருந்துக்கு வந்தது. நம் சொல்லோ உணவிலிருந்து புறப்பட்டு அன்பை அடைந்தது. வழி எளிதன்று. ஏழைகள் பசித்திருக்கச் சிலர் முந்தி உண்டதைக் கொரிந்து சபையாருக்கு எழுதிய மடலிலேயே திருத்தூதர் பவுல் கண்டித்தார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மதுரை அமெரிக்க மிஷன், சாதியை விட்டதற்குச் சான்றாகச் சபையாரிடம் உடனுண்ணலைக் கேட்டபோது, மறுத்து விலகினோர் பலர். ஆகவே, பக்கத்து இலையில் இருப்பவர் யாரென்று பாராமல் உண்பது அசனத்தின் உயிர்ப்பொருள். அது இல்லாத இடத்தில் மிஞ்சுவது வெறும் சோறு.

வட்டாரச் சொற்களைத் தொகுக்கும் அன்பர்கள் அசனத்துக்கு ‘உணவு’ என்று மட்டும் எழுதி நிறுத்த வேண்டாம். ‘சபையார் வேறுபாடின்றி உடனமர்ந்து உண்ணும் விருந்து’ என்றும் எழுதுக. வேர் வடக்கிலிருந்து வந்தது; இந்தப் பொருளைத் தந்தவர்கள் தென்பாண்டித் தமிழர்.