விடுபட்ட பராமரிப்பு

சங்க அகப்பாடல்களில் செவிலி என்றால் வளர்ப்புத்தாய். அந்தச் சொல்லிலிருந்தே இன்றைய மருத்துவமனைச் 'செவிலியர்' என்ற பெயர் வந்தது. அவர் கையில் விடுபட்டுப்போகும் பணிக்கும் ஒரு பெயர் உண்டு.

நோயாளிக்குச் செய்தாக வேண்டிய செவிலியப் பணி முழுதாகவோ பாதியாகவோ செய்யப்படாமல் போனாலும், நேரம் கடந்து செய்யப்பட்டாலும் அது 'விடுபட்ட பராமரிப்பு'. மருந்தை மாற்றிக் கொடுப்பது இதில் சேராது. அது செய்ததில் பிழை, இது செய்யாததில் பிழை. இதைத் 'தவறிய பராமரிப்பு' எனலாம்தான், ஆனால் அவசரத்தில் 'தவறான' என்று படித்துவிடுவோம்.

இக்கருத்தை 2006-இல் ஆய்வாக முன்வைத்தவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பியாட்ரிஸ் காலிஷ். திருப்பிப் படுக்கவைப்பது, எழுப்பி நடக்கவைப்பது, உடல் சுத்தம், ஆறுதலாக நாலு வார்த்தை: விடுபடுபவை இவை போன்றவைதான். உடனே தெரியாது, பின்னால் படுக்கைப்புண்ணாகத் தெரியும். 2009-இல் வெளிவந்த அவரது 'மிஸ்கேர்' வினாத்தாள், எது விடுபட்டது என்பதோடு ஏன் என்றும் கேட்கிறது: ஆள் போதவில்லையா, பொருள் இல்லையா, தகவல் சரியாகச் சொல்லப்படவில்லையா? பழியைச் செவிலியர் தலையில் மட்டும் கட்டாத கேள்வி அது.

ஆள் குறைவாலும் பராமரிப்பு விடுபடும் என்பதால், செவிலிய மாணவர்கள் வேலைக்குத் தயாரா என்று அவர்களின் 'பணி ஆயத்தத்தை' அளப்பவர்கள், ஊசி போடத் தெரியுமா என்பதோடு நிறுத்த வேண்டாம். ஆள் குறைந்த இரவில் எதை முதலில் செய்வாய் என்றும் கேளுங்கள்.