ஊசியைத் தொடக் கூடாது! – லாஸ் ஏஞ்சலீஸ் தீயணைப்பு வீரர்கள் உயிர் காக்கக் கற்ற கதை

1960களில் அமெரிக்காவில் ஒருவர் சாலையில் அடிபட்டு விழுந்தாலோ, வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாலோ, பல ஊர்களில் அவரை ஏற்றிப்போக வந்தது பிண வண்டிதான். கேலியல்ல, உண்மை! ஆளைப் படுக்க வைத்துக் கொண்டுபோகும் நீளமான வண்டி, இறுதிச்சடங்கு நடத்தும் நிறுவனங்களிடம்தான் இருந்தது. நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் சுமார் பாதியை இப்படிப்பட்ட 12,000 நிறுவனங்கள்தான் நடத்துகின்றன என்று 1966ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமியின் அறிக்கை சொன்னது. 1965ம் ஆண்டில் மட்டும் விபத்துகளில் 1,07,000 பேர் இறந்திருந்தார்கள்.

வண்டியில் வந்தவர்களின் வேலை தூக்குவது, வேகமாக ஓட்டுவது, அவ்வளவுதான். சிகிச்சை ஆஸ்பத்திரி வாசலில்தான் ஆரம்பமானது.

மாரடைப்பு வந்தவருக்கு அதுவரை தாங்காது. இதயம் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்க ஆரம்பித்தால், மின் அதிர்ச்சி கொடுத்துத்தான் அதை வழிக்குக் கொண்டுவர முடியும். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. "நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும், ஆஸ்பத்திரியே அவரிடம் போகட்டும்" என்ற யோசனையைச் செயலில் காட்டியவர் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகர இதய மருத்துவர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ். 1966ல் அதிர்ச்சி கொடுக்கும் கருவியை ஆம்புலன்சில் ஏற்றினார். கூடவே ஒரு டாக்டரையும் அனுப்பினார். அடுத்த ஆண்டு அவரது கட்டுரை 'லான்செட்' மருத்துவ இதழில் வந்ததும் பல நாடுகளின் டாக்டர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அவர்களில் ஒருவர் லாஸ் ஏஞ்சலீஸ் கவுண்டியின் ஹார்பர் ஜெனரல் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர் மைக்கேல் கிரைலி. கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. அவ்வளவு பெரிய பரப்பில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு டாக்டர் என்பது நடக்கிற காரியமா? ஆனால் தீயணைப்பு நிலையங்கள் எல்லாப் பகுதிகளிலும் இருந்தன. கூப்பிட்டால் சில நிமிடங்களில் வந்து நிற்பவர்களும் அந்த வீரர்கள்தான். 1969ல் ஆறு வீரர்களுக்கு ஹார்பரில் பயிற்சி தரப்பட்டது. இதயத் துடிப்பின் வரைபடத்தைப் படிக்க, நரம்பில் ஊசி போட, அதிர்ச்சி கொடுக்க எல்லாம் கற்றுக்கொண்டார்கள். அந்த டிசம்பரில் கார்சன் பகுதியின் 36ம் எண் நிலையத்தில் வேலை தொடங்கியது.

ஆனால் ஒரு வில்லங்கம். டாக்டரோ நர்ஸோ அல்லாதவர் ஊசி மருந்து கொடுக்க அன்றைய கலிஃபோர்னியா சட்டத்தில் இடமில்லை. கைக்குப் பயிற்சி இருந்தது, அனுமதி இல்லை! அதனால் ஹார்பர் நர்ஸ்கள் வண்டியில் கூடவே போனார்கள். நர்ஸ் இருந்தால்தான் மருந்து.

இந்தப் பூட்டைத் திறக்க முன்னின்றவர் கவுண்டி நிர்வாகக் குழு உறுப்பினர் கென்னத் ஹான். மாநில சட்டமன்றத்தில் மசோதாவைக் கொண்டுவந்த இருவரின் பெயரால் அது 'வெட்வொர்த்–டவுன்சென்ட் சட்டம்' ஆனது. 1970 ஜூலையில் ஆளுநர் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்டார். பிறகு அமெரிக்க ஜனாதிபதியான அதே ரீகன்தான்.

சட்டம் வீரர்களை அவிழ்த்து விட்டுவிடவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டரோ நர்ஸோ ரேடியோவில் சொல்லச் சொல்ல வீரர்கள் செய்தார்கள். இதயத் துடிப்பின் கோடுகளும் அதே ரேடியோ வழியே ஆஸ்பத்திரிக்குப் போயின. வீரர்கள் வந்த 'ஸ்க்வாட்' வண்டியில் நோயாளியைப் படுக்க வைக்க இடம் கிடையாது. அதற்குத் தனி ஆம்புலன்ஸ் வரும். ஒரு வீரர் அதில் நோயாளியோடு ஏறிக்கொள்வார், மற்றவர் ஸ்க்வாடைப் பின்னால் ஓட்டி வருவார்.

இதை நாடு முழுக்க வீட்டுக் கூடத்துக்கே கொண்டுபோனது டி.வி. 1972 ஜனவரியில் என்பிசி சேனலில் 'எமர்ஜென்சி!' தொடர் தொடங்கியது. லாஸ் ஏஞ்சலீஸ் கவுண்டியின் கற்பனையான 51ம் எண் நிலையம்தான் களம். முதல் படத்தின் கதையே அந்தச் சட்டத்துக்கான போராட்டம்தான். 1973ல் அவசர மருத்துவ சேவைகளுக்கு நிதி தரும் மத்திய சட்டமும் வந்தது.

லாஸ் ஏஞ்சலீஸ் மட்டுமே முன்னோடி என்று சொல்லிவிட முடியாது. மயாமியில் டாக்டர் யூஜின் நேகல் தீயணைப்பு வீரர்களைப் பயிற்றுவித்தார். பிட்ஸ்பர்க்கில் 1967ல் தொடங்கிய 'ஃப்ரீடம் ஹவுஸ்' சேவையில் கறுப்பின இளைஞர்கள் இதே வேலையைத் திறம்படச் செய்தார்கள். 1975ல் நகர நிர்வாகம் சொந்தச் சேவையைத் தொடங்கியபோது அது மூடப்பட்டது.

இன்று லாஸ் ஏஞ்சலீஸ் கவுண்டி தீயணைப்புத் துறைக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை மருத்துவ உதவிக்குத்தான். 1969 டிசம்பரிலும் 1970 ஜூலைக்குப் பிறகும் அந்த ஆறு பேரின் கைகள் அதே கைகள்தான், மருந்தும் அதே மருந்துதான். நடுவில் மாறியது ஒரு தாளில் விழுந்த கையெழுத்து மட்டுமே. உயிர் காக்கும் வித்தையைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, முதலில் ஓடி வருகிறவன் கையில் அதைக் கொடுக்கவும் மனது வேண்டும்.