பக்கம்

பஞ்சாயத்தில் "என் பக்க நியாயத்தையும் கேளுங்கள்" என்கிறோமே, அந்தப் பக்கம் பழைய தருக்க நூல்களின் கலைச்சொல். வடமொழிப் பட்சத்தின் தமிழ் வடிவம். நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று என்று பொருள். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் இதை விளக்குகிறார். மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை தெரிவதால் என்பது ஏது. புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கும் அடுக்களை, திட்டாந்தம். ஏது இல்லாத பக்கம் வெறும் பிடிவாதம்தான்.

எதிராளியின் கொள்கை பரபக்கம், தன்னுடையது சுபக்கம். அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார் இந்த இரண்டு பகுதிகளாகவே அமைந்தது. பரபக்கத்தில் உலகாயதம் தொடங்கி 14 மதங்கள் வருகின்றன. ஒவ்வொன்றையும் அந்த மதத்தார் சொல்கிறபடியே முதலில் சொல்லிவிட்டு, பிறகுதான் மறுக்கிறார். இந்த வரிசைமுறை எனக்கு மிகவும் பிடித்தது. மறுக்க வருகிறவர் எதிர்க்கட்சியை அதன் முழு வலுவோடு எடுத்துரைக்க வேண்டியிருக்கிறது. அரைகுறையாகக் கேட்டவரால் அது முடியாது. இன்றைய தொலைக்காட்சி விவாதங்களில் நான் தேடுவதும் இதைத்தான்.

நடுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் பட்சபாதம். அதுவும் இதே சொல்லின் கிளை.