பண்பாட்டுப் படிப்பும் கடன் கணக்கும்

பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிள்ளை, "வரலாறு படிக்கிறேன், மக்களின் பண்பாட்டை ஆராய விரும்புகிறேன்" என்று சொன்னால், அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வாழும் நம் குடும்பங்களில் உடனே எழும் வினா, "முடித்தால் என்ன சம்பளம்?" என்பதே. அதன் பின்னால், "பணத்துக்கு யாரிடம் போவது?" என்பது வரும். இவ்வினாக்களைக் கேட்கும் பெற்றோரை உலோபிகள் என்று ஏளனம் செய்வோருடன் நமக்கு உடன்பாடு இல்லை. அவ்வினாக்களுக்கும் ஒரு வரலாறு உண்டு.

1949இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள் நிறுவனம் அம்பத்தூரில் தொழிற்சாலை கண்டது. 1955 சனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயமே நாட்டின் குறிக்கோள் என்று தீர்மானித்தது. அடுத்த பத்தாண்டுகளில் அதே ஆவடியில் விஜயந்தா டாங்கி உருவாயிற்று. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அமைந்தது. ஐ.டி.ஐ. முடித்த இளைஞன் 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி உதவித்தொகை பெற்றுக்கொண்டே தொழில் கற்றான். கற்கும்போதே கையில் காசு! அப்படி வாழ்ந்த வட்டாரம் எந்தக் கல்வியையும் சம்பளத்தால் அளக்கப் பழகியதில் வியப்பென்ன?

ஆயினும் நம் சமுதாயத்திற்கு அதனினும் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. கற்பவன் கடன்படுவதில்லை, கொடுப்பவர் கொடுத்தார். வள்ளல் சீதக்காதியும், அவருக்குப் பின் அபுல் காசிம் மரைக்காயரும் ஆதரித்திராவிடில் உமறுப் புலவரின் சீறாப்புராணம் நமக்குக் கிட்டியிராது. பின்னாளில் அக்கொடை கல்லூரிகளாக உருக்கொண்டது. நாடு விடுதலை பெற்றபின் சென்னை அரசினர் முகம்மதியக் கல்லூரி அனைவருக்கும் பொதுவான கலைக் கல்லூரியாக மாறவே, தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் 1951இல் புதுக்கல்லூரியைத் தோற்றுவித்தது. அதே ஆண்டில் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரி பிறந்தது. 1955இல் நீதியரசர் பஷீர் அஹ்மது சயீத் அவர்கள் பெண்களுக்கென எஸ்.ஐ.ஈ.டி. கல்லூரியைக் கண்டார்கள்.

இவ்வழியில் விளைந்த பயன் சிறிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய முஹம்மது ஹுசைன் நயினார் அவர்கள், தென்னிந்தியாவைப் பற்றி அரபுப் புவியியலறிஞர் அறிந்திருந்தவற்றை 1942இல் நூலாக்கினார்கள். இலங்கை அறிஞர் ம.மு. உவைஸ் அவர்கள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத் துறையின் பேராசிரியராய் அமர்ந்தார்கள். அழகர் கோயிலை ஆராய்ந்த தொ. பரமசிவன் அவர்களோ இளையான்குடியில் நம் சமுதாயத்தார் நடத்தும் ஜாகிர் உசேன் கல்லூரியில் ஆசிரியராய் இருந்தவர். வைணவக் கோயிலை ஆராய்ந்தவருக்கு முஸ்லிம் கல்லூரி ஊதியம் கொடுத்ததை எண்ணி நாம் இன்றும் பெருமை கொள்ளலாம்.

1984இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழி திறந்தது. அவ்வாண்டே வண்டலூரில் கிரசென்ட் கல்லூரி எழுந்தது. நம் மேற்குப் புறநகரிலும் 1997இல் வேல்டெக், 2000இல் பனிமலர் என்று கல்லூரிகள் பெருகின. 2001இல் வங்கிகளின் கல்விக் கடன் திட்டம் வந்தது. நான்கு இலட்சம் ரூபாய் வரை ஈடு கேட்கப்படவில்லை. படிக்கும் காலத்தில் தவணை இல்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். நான்கு இலட்சத்தை நூற்றுக்குப் பத்து வட்டியில் ஏழாண்டில் அடைத்தால் மாதம் ஏறத்தாழ 6,640 ரூபாய். மொத்தம் ஐந்தரை இலட்சத்துக்கு மேல். படிப்புக் காலத்தின் வட்டி இதில் சேரவில்லை. 2009இல் மைய அரசு அந்தக் கால வட்டியை ஏழை மாணவருக்காகத் தானே ஏற்க முன்வந்தபோதும், தொழிற்கல்விக்கும் தொழில்நுட்பக் கல்விக்குமே அச்சலுகை என்று வரையறுத்தது. கலை பயில்வோன் அந்த வாசலுக்கு வெளியே நின்றான். வட்டியே கூடாது என்று விலகி நிற்கும் குடும்பங்கள் நகையையும் மனையையும் விற்றதையும் நாம் அறிவோம்.

ஆனால் கடன் அச்சத்தைப் பொறியியலிடமிருந்து கடன் வாங்கிக் கலைப் படிப்பின் மேல் ஏற்றிவிட்டோம் என்றே நமக்குத் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் அரசு கல்லூரிகளிலும் உதவிபெறும் பிரிவுகளிலும் இளங்கலைக்குக் கற்பிப்புக் கட்டணம் நீக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆயின. அரசுப் பள்ளியில் பயின்ற பெண் பிள்ளைக்குப் புதுமைப்பெண் திட்டம் 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் தருகிறது. ஒரே கல்லூரியில் உதவிபெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் அடுத்தடுத்த அறைகளில் இயங்குவதுண்டு. எதில் இடம் என்று கேளாமல் பணம் கட்டுவதே பலர் செய்யும் பிழை.

கலைப் படிப்பின் மெய்யான விலை ஆண்டுகளே. இளங்கலை மூன்று, முதுகலை இரண்டு, அப்பால் முனைவர் பட்டம். பொறியியல் முடித்த அண்டை வீட்டுப் பிள்ளை சம்பளம் கொண்டுவரும் நாளில், இவன் நூலகத்தில் அமர்ந்திருப்பான். அரசு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தாலும் அண்மை ஆண்டுகளில்தான் ஊதியம் 25,000 ரூபாயாக உயர்ந்தது. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவனுக்கோ 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். கற்பிப்பவனினும் கற்பவன் மிகுதியாய்ப் பெறும் விந்தை இது! ஆகவே இளங்கலையில் சேரும் நாளிலேயே அத்தேர்வைக் குறிவைக்கும் பிள்ளைக்கு இப்படிப்பு பாழ் அன்று. சிறுபான்மை ஆய்வாளருக்கென இருந்த மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022இல் நிறுத்தப்பட்ட பின் அத்தேர்வின் கனம் கூடியிருக்கிறது.

கடன் பட்டே தீர வேண்டிய இடம் வெளிநாடு. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அமைந்த அதே 1964இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு ஹாகர்ட் என்பார் பண்பாட்டு ஆய்வு நடுவத்தைத் தொடங்கினார். தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த அவர் தொழிலாளர் வாழ்வையே ஆய்வுப் பொருளாக்கினார். அந்நடுவத்தின் வழிவந்த துறையைப் பல்கலைக்கழகம் 2002இல் மூடிவிட்டது. தாய்வீடே மூடப்பட்ட ஒரு துறைக்காக, முதுகலை ஒன்றின் பொருட்டு, பல இலட்சம் கடனில் பிள்ளையைக் கடல் கடக்க அனுப்புவது நமக்கு உசிதமாகப் படவில்லை. அங்கே உதவித்தொகையுடன் ஆய்வுக்கு இடம் கிடைத்தால் அது வேறு கதை. வெளிநாடு சென்று பயிலும் சிறுபான்மை மாணவரின் கடன் வட்டியை மைய அரசு ஏற்ற 'படோ பர்தேஷ்' திட்டமும் 2022இல் நின்றுவிட்டது. அதற்கு முன் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே சலுகை தொடர்ந்தது.