டபுள் ஃபால்ட்டும் ஒரு முழக் காற்றும்

நான் ஆரல்வாய்மொழிக்காரன். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று அடித்தால் கொடியில் காயப்போட்ட வேட்டி அடுத்த தெருவில் கிடக்கும். முப்பந்தலில் காற்றாலைகளை வரிசையாக நட்டிருப்பது சும்மா இல்லை. அதனால் ராஜ்கோட்டுக்கு மாற்றல் ஆர்டர் வந்தபோது "அங்கே காற்று பயங்கரமா இருக்கும் சார்" என்று ஆபீஸில் பயமுறுத்தியவர்களைப் பார்த்து சிரித்தேன். காற்றோடு பிறந்தவனிடமா?

போன ஜூனில் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

பெரியவள் ஒன்பதாம் வகுப்பு. மூன்று வருடமாக டென்னிஸ் கற்றுக்கொள்கிறாள். உள்ளூர்ப் போட்டி ஒன்றில் முதல் சுற்று. மழைக்கு முந்தின மேற்குக் காற்று மைதானத்துக் குறுக்கே புழுதியை வாரிக்கொண்டு போனது. பெண் பந்தை மேலே போடுகிறாள், அது எங்கேயோ போகிறது, இவள் எட்டி அடிக்கிறாள், வலையில் விழுகிறது. மொத்தம் பதினொரு டபுள் ஃபால்ட். பேங்க்காரன் புத்தி, உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருந்தேன்.

வரும் வழியில் காரில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "மத்த ஷாட்டெல்லாம் எதிராளி கையில இருக்கு மக்ளே. சர்வீஸ் ஒண்ணுதான் முழுக்க உன் கையில. அதையுமா விடுவ?" என்றேன். அவள் பதில் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் ராக்கெட்டை எடுத்து பீரோ மேல் வைத்தாள். மூன்று வாரம் அது அங்கேயே இருந்தது. தங்கமணி என்னோடு பேசியது நாலைந்து நாளைக்கு அப்புறம்தான்.

நான் சொன்னது சரிதானா என்று பார்க்கலாமென்று டென்னிஸ் சரித்திரத்தைப் புரட்ட ஆரம்பித்தேன். சரியாக இருந்தால் நிம்மதி, தப்பாக இருந்தால் திருத்திக்கொள்ளலாம். தப்புத்தான். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். சர்வீஸ் ஆயுதமாகப் பிறக்கவில்லை. இலையில் சோறு பரிமாறுவது போல, எதிராளிக்குப் பந்தைப் பரிமாறி ஆட்டத்தைத் தொடங்கி வைப்பதுதான் அதன் வேலை. 1874-இல் மேஜர் விங்ஃபீல்டு என்ற ஆங்கிலேயர் இந்த விளையாட்டுக்குக் காப்புரிமை வாங்கியபோது மைதானம் மணல் கடிகாரம் மாதிரி நடுவில் ஒடுங்கியிருந்தது. வீட்டுப் புல்வெளியில் ஆணும் பெண்ணும் பொழுதுபோக்காக ஆடிய ஆட்டம். அங்கே யாரும் ஏஸ் அடித்து விருந்தாளியை அவமானப்படுத்த நினைத்திருக்க மாட்டார்கள்.

1877-இல் முதல் விம்பிள்டன். 22 பேர் ஆடினார்கள். அப்போது சர்வீஸ் கீழ்க்கை வீச்சுதான், மிஞ்சிப்போனால் தோள் உயரம். தலைக்கு மேலே அடிக்கும் பழக்கம் வரவில்லை. ஆனாலும் போட்டி முடிந்து கணக்குப் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். ஆடிய 601 கேம்களில் 376-ஐ சர்வீஸ் போட்டவரே ஜெயித்திருந்தார், அதாவது நூற்றுக்கு 62-க்கும் மேல். இது அநியாயம் என்று அடுத்த வருடமே சர்வீஸ் விழ வேண்டிய கட்டத்தின் நீளத்தை 26 அடியிலிருந்து 22 அடியாகக் குறைத்தார்கள். 1880-இல் 21 அடி. இன்றைக்கும் அதே 21 அடிதான். என் பெண் அன்றைக்குத் தவறவிட்ட கட்டம், நூற்று நாற்பது வருடத்துக்கு முன்பு சர்வீஸ் போடுபவரைக் கட்டிப்போடுவதற்கென்றே சுருக்கிய கட்டம்!

1878-இல் இரண்டு சம்பவங்கள். மையர்ஸ் என்ற ஆட்டக்காரர் விம்பிள்டனில் முதல்முறையாகத் தலைக்கு மேலே கையை உயர்த்தி சர்வீஸ் போட்டார். ஆனால் கோப்பையை வாங்கியது ஃபிராங்க் ஹேடோ. இவர் யார் தெரியுமா? இலங்கையில் காப்பித் தோட்டம் வைத்திருந்தவர். விடுமுறைக்கு ஊருக்கு வந்த இடத்தில் போட்டியில் சேர்ந்தார். முந்தின வருடத்து சாம்பியன் ஸ்பென்சர் கோர் வலையருகே வந்து நின்று மிரட்டியபோது, அவர் தலைக்கு மேலே பந்தைத் தூக்கித் தூக்கிப் போட்டே ஜெயித்துவிட்டார். பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ள அடுத்த வருடம் வரவில்லை. அந்தக் காலத்து இலங்கைக் காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டிப் போன நம் ஆட்கள். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நம்மைப் போன்றவர்களுக்கு இது மனதில் தைக்கும். விம்பிள்டன் கோப்பைக்குப் பின்னாலும் யாரோ ஒரு தமிழனின் முதுகு இருக்கிறது.

சரி, சர்வீஸுக்கு வருவோம். அது நிஜமாகவே ஆயுதமாக மாறியதற்கு 1900-ஐச் சொல்லலாம். அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் லாங்வுட் மைதானத்தில் முதல் டேவிஸ் கோப்பை. கோப்பையைக் கொடுத்த டுவைட் டேவிஸும் அவருடைய கூட்டாளி ஹோல்கோம்ப் வார்டும் ஒரு புது சர்வீஸ் வைத்திருந்தார்கள். பந்தின் மேல் ராக்கெட்டைக் கீழிருந்து மேலாகத் தேய்த்து இழுப்பார்கள். பந்து வலைக்கு மேலே நல்ல உயரத்தில் போய், சட்டென்று கீழே இறங்கி, தரையில் பட்டதும் பக்கவாட்டில் திமிறி எழும்பும். 'அமெரிக்கன் ட்விஸ்ட்' என்று பெயர். பிரிட்டிஷ்காரர்கள் திணறிப்போய் 3-0 என்று தோற்றார்கள்.

இந்த ட்விஸ்ட் காற்றிலும் கைகொடுக்கும். தட்டையாக, வேகமாக அடிக்கும் சர்வீஸ் வலையை ஒட்டிப் போகும், கொஞ்சம் பிசகினால் ஃபால்ட். சுழற்றி அடித்த பந்து வலைக்கு மேலே இரண்டு மூன்று அடி உயரத்தில் போனாலும் சுழற்சியே அதைக் கட்டத்துக்குள் இறக்கிவிடும்.

அதற்கப்புறம் சர்வீஸ் வளர்ந்துகொண்டே போனது. யாராலும் யாருடைய சர்வீஸையும் முறியடிக்க முடியாமல் செட்கள் நீண்டதால், 1970-இல் அமெரிக்க ஓப்பனில் டை-பிரேக் வந்தது. விம்பிள்டனில் கடைசி செட்டுக்கு டை-பிரேக் இல்லாமல் வெகுகாலம் ஓட்டினார்கள். விளைவு, 2010-இல் ஐஸ்னரும் மாஹுவும் மூன்று நாள், 11 மணி 5 நிமிடம் ஆடி, கடைசி செட் 70-68 என்று முடிந்தது. ஐஸ்னர் 113 ஏஸ், மாஹு 103.

இதைப் படித்தால் நல்ல சர்வீஸ் இல்லாதவனுக்கு டென்னிஸில் இடமே இல்லை என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்போதுதான் எங்கள் ஊர்க்காரர் ஞாபகம் வந்தார்.

ராமநாதன் கிருஷ்ணன், 1937-இல் நாகர்கோவிலில் பிறந்தவர். 1954-இல் விம்பிள்டன் ஜூனியர் சாம்பியன். 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி. இத்தனைக்கும் அவர் சர்வீஸ் பலவீனமானது என்று ஊர் உலகத்துக்கே தெரியும். சர்வீஸ் போட்டுவிட்டு வலைக்கு ஓடும் ஆஸ்திரேலியர்களின் காலம் அது. அவர்கள் நடுவே இவர் பந்தை மெதுவாகப் பரிமாறிவிட்டு, அதற்கப்புறம் இடம் பார்த்துத் தட்டித் தட்டியே ஜெயித்தார். 1961 கால் இறுதியில் ராய் எமர்சனை நேர் செட்களில் தோற்கடித்தார். இரண்டு அரையிறுதிகளிலும் அவர் தோற்றது அந்தந்த வருடம் கோப்பையை வாங்கிய நீல் ஃப்ரேசரிடமும் ராட் லேவரிடமும்தான். 1966-இல் கல்கத்தாவில் பிரேசிலின் தாமஸ் கோக்குக்கு எதிராக நான்காவது செட்டில் 2-5 என்று பின்தங்கி, அங்கிருந்து மீண்டு ஜெயித்து, இந்தியாவை முதல்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிக்குக் கொண்டுபோனார். மகன் ரமேஷ் கிருஷ்ணனுக்கும் அப்பாவைப் போலவே மென்மையான சர்வீஸ். அவரும் விம்பிள்டனில் ஒரு முறையும் அமெரிக்க ஓப்பனில் இரண்டு முறையும் கால் இறுதி வரை போனார்.

காற்றுக் கதைக்கு 2012 நியூயார்க்கைத்தான் சொல்ல வேண்டும். ஆர்தர் ஆஷ் மைதானத்துக்கு அப்போது கூரை கிடையாது (கூரை வந்தது 2016-இல்). அந்த வாரம் கால் இறுதியில் ஃபெடரரையே வீழ்த்திய செக் நாட்டு பெர்டிச், அரையிறுதியில் ஆண்டி மர்ரேயைச் சந்தித்தார். அன்றைக்கு அடித்த காற்றில் ஆடுகளத்தில் காகிதங்கள் பறந்தன. முதல் செட்டை ஜெயித்த பெர்டிச் அடுத்த இரண்டில் மூன்றே மூன்று கேம்தான் எடுத்தார், ஆட்டமும் போனது. உயரமான டாஸ் போட்டு அடிக்கும் ஆள் அவர். காற்றில் டாஸ் போடவே முடியாமல் தவித்தார். இன்னொரு அரையிறுதி புயல் பயத்தில் பாதியில் நின்று மறுநாளைக்குத் தள்ளிப்போனது. திங்கட்கிழமை இறுதி ஆட்டத்திலும் காற்று விடவில்லை. 4 மணி 54 நிமிடம் ஆடி மர்ரே ஜோகோவிச்சை வென்றார். 1936-இல் ஃபிரெட் பெர்ரி ஜெயித்தபின் ஒரு பிரிட்டிஷ் ஆண் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வாங்க 76 வருடம் ஆகியிருக்கிறது.

இதைப் படித்த இரவு ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். டென்னிஸ் பந்தின் எடை 56 முதல் 59 கிராம். உயரமாக டாஸ் போட்டால் கையை விட்டு ராக்கெட்டில் படும் வரை சுமார் 0.8 வினாடி. மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் அந்த நேரத்துக்குள் பந்து ஏறக்குறைய ஒரு முழம் நகர்ந்துவிடும். டாஸைத் தாழ்த்தி 0.6 வினாடியில் அடித்துவிட்டால் நகர்வது ஒரு சாண்தான். நேரம் கொஞ்சம் குறைந்தால் நகர்வு ரொம்பக் குறைகிறது. கூட்டு வட்டி மாதிரி, காலம்தான் எல்லாவற்றையும் பெருக்குகிறது.

ஆக நான் காரில் சொன்னது தப்பு. சர்வீஸ் முழுக்க நம் கையில் இல்லை. அந்த முக்கால் வினாடி அது காற்றின் கையில் இருக்கிறது. பெர்டிச்சுக்கே வராதது பதினாலு வயசுப் பெண்ணுக்கு வரவில்லை என்று நான் கணக்கெழுதிக் காட்டியிருக்கிறேன்.

மன்னிப்பு கேட்பது எங்கள் ஊர் அப்பாக்களுக்கு வராத கலை. அதனால் சாப்பிடும்போது கதை சொன்னேன். ஹேடோ, கிருஷ்ணன், பெர்டிச் எல்லாரையும். கூடவே 1989 பிரெஞ்சு ஓப்பன். 17 வயசு மைக்கேல் சாங், உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் லெண்டிலுக்கு எதிரே, கால் பிடித்து இழுக்க நிற்கவே முடியாமல், ஐந்தாவது செட்டில் கீழ்க்கையால் ஒரு சர்வீஸ் போட்டான். அந்தப் பாயிண்ட், அந்த ஆட்டம், கடைசியில் அந்தக் கோப்பை, எல்லாமே அவனுக்கு. 1877-இல் போட்ட அதே சர்வீஸ், விதியில் இன்றைக்கும் இடம் உண்டு.

"டாஸ் சரியில்லன்னா அடிக்காம பிடிச்சிடலாம்ப்பா. அது ஃபால்ட் இல்ல" என்றாள். மூன்று வாரத்துக்கப்புறம் டென்னிஸ் பற்றி அவள் பேசிய முதல் வார்த்தை.

"அப்ப ஏன் மக்ளே அன்னைக்குப் பிடிக்கல?"

"நீங்க எண்ணிட்டு இருந்தீங்கல்லா."

எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் ராக்கெட் கீழே இறங்கியது. டாஸ் தாழ்வாக, தோதில்லாவிட்டால் பிடித்துவிட்டு மறுபடி, இரண்டாவது சர்வீஸ் சுழற்றி, கட்டத்தின் ஓரத்தைக் குறிவைக்காமல் நடுவில். எதிர்க்காற்றில் இன்னும் உயரமாக, பின்காற்றில் இன்னும் அதிகச் சுழற்சி. ஆகஸ்டில் இன்னொரு போட்டி. இரண்டாவது சுற்றில் தோற்றாள். ஒரே ஒரு சர்வீஸைக் கீழ்க்கையால் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அது பாயிண்ட்.

டபுள் ஃபால்ட் எத்தனை என்று தங்கமணி கேட்டாள். தெரியாது என்றேன். நிஜமாகவே எண்ணவில்லை.