ஹவுஸ்

ஹவுஸ்: நடன இசையில் ஒரு வகை. குடியிருக்கும் வீட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சிகாகோவில் 1977-இல் தொடங்கிய 'வேர்ஹவுஸ்' என்ற நடனக் கூடத்துப் பெயரின் பின்பாதி இது. வேர்ஹவுஸ் என்றால் கிடங்கு.

தெற்கு ஜெஃபர்சன் தெருவில் இருந்த அந்தக் கூடத்தில் விடிய விடிய ஆடியவர்கள் பெரும்பாலும் கறுப்பின, லத்தீனத் தன்பாலீர்ப்பாளர்கள். நியூயார்க்கிலிருந்து வந்த டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ் டிஸ்கோ பாடல்களின் ஒலிநாடாவை வெட்டி ஒட்டி, தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதிகளை நீட்டினார். 1979-இல் அதே நகரின் கோமிஸ்கி பார்க் மைதானத்தில் டிஸ்கோவை வெறுத்தவர்கள் அதன் இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த வெறுப்பின் நடுவே டிஸ்கோவைக் காப்பாற்றி வேறொன்றாக வளர்த்தெடுத்தது இந்தக் கூடம்தான். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

வேர்ஹவுஸில் கேட்ட பாட்டு வேண்டும் என்று இசைத்தட்டுக் கடையில் ஆட்கள் கேட்கக் கேட்க, கடைக்காரர்கள் அந்தத் தட்டுகளுக்கு வேர்ஹவுஸ் பெயரிலேயே சீட்டு வைத்தார்கள். அந்தப் பெயர் 'ஹவுஸ்' எனச் சுருங்கியது என்பதே பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. வேர்ஹவுஸ் இருந்த கட்டடம் 2023-இல் சிகாகோ நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமானது.

ஒப்பிடுக: கராஜ். நியூயார்க்கின் 'பாரடைஸ் கராஜ்' கூடத்திலிருந்து வந்த இசைப் பெயர்.