மெற்றல் இசையும் பிரதி மத்திமமும்

கச்சான் காற்று அடங்கிய ஒரு மாலை, குச்சவெளிக் கடற்கரையில் அமர்ந்திருந்தேன். என் மருமகன், "மாமா, புதுப் பாட்டு, ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ" என்று செவிக்கருவியை என் காதில் மாட்டிவிட்டான். மெற்றல் என்னும் இசைவகை அது. முதலில் வெறும் இரைச்சலாகவே பட்டது. இரண்டாம் முறை கேட்டபோதுதான், இடச்செவியில் ஒரு கிற்றாரும் வலச்செவியில் ஒரு கிற்றாரும் ஒரே பாடத்தை வாசிக்க, நடுவே முரசும் பாடகனும் நிற்பது புலனாயிற்று. கலவை செய்தவன் எத்தனை இடம் ஒழித்து வைத்திருக்கிறான்!

இவ்விசை இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரத்துத் தொழிற்சாலைகளின் நடுவே பிறந்தது. ரொனி அயோமி என்னும் இளைஞர், 17 வயதில், தகடு வெட்டும் ஆலையிலே வலக்கையின் இரு விரல்நுனிகளை இழந்தார். அவரோ இடக்கை வாசிப்பவர். தந்தியை அழுத்தும் கை அது. பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுறை செய்து, மெல்லிய தந்திகளைப் பூட்டி மீண்டும் வாசித்தார். 1971 அளவில் தந்திகளின் சுருதியையும் தாழ்த்தினார். கனத்த அந்த நாதத்தில் பாதி, நொந்த விரலின் கொடை.

மறுபாதி கரகரப்பு. ஒலிபெருக்கியைத் தாங்குமளவுக்கு மேல் ஓட்டினால் ஒலியலையின் உச்சி வெட்டுண்டு போகும். நிலாவெளிப் பக்கம் 1980களில் ஜெர்மன் வானொலி நிறுவிய அஞ்சல் நிலையம் போன்றவற்றில், அது நேராமற் காப்பதே பொறியியலாளரின் கடமை. அவர் விலக்கிய குற்றத்தையே இவர்கள் வாத்தியமாக்கிக் கொண்டனர்.

அயோமியின் 'பிளாக் சபத்' குழு முதல் இசைத்தட்டை 1969 ஒக்ரோபரில் ஒரே நாளில் பதிவுசெய்தது. 1970 பெப்ரவரியில் அது வெளிவந்தது. மழையும் மணியோசையும் பின்னர் சேர்க்கப்பட்டவை. அவை ஓய்ந்ததும் கிற்றாரில் மூன்றே சுரங்கள்: சட்சம், மேற்சட்சம், பிரதி மத்திமம். அந்தக் கடைசிச் சுரம் நிற்கும் இடைவெளிக்கு, மேலைநாட்டுப் பழைய இசைநூலார் பிசாசின் பெயரைச் சூட்டியிருந்தனர். நமக்கோ 72 மேளங்களில் 36க்கு உரிய சுரம். கலியாண வீட்டு நாதசுரத்திலே கல்யாணியாக ஒலிப்பது.

தமிழர்களும் இவ்விசைக்குப் புதியவரல்லர். சிங்கப்பூரில் 1992இல் தோன்றிய 'ருத்ரா' குழு வடமொழி மந்திரங்களையே இதில் அமைத்துப் பாடுகிறது.

மருமகனுக்கு அம்மூன்று சுரங்களையும் பாடிக் காட்டி, பின் கல்யாணியைச் சற்றே இழுத்தேன். அவன் சிரித்துவிட்டு, பாட்டை முதலிலிருந்து வைத்து, செவிக்கருவியின் ஒரு பக்கத்தைத் தன் காதில் பொருத்திக்கொண்டான்.